ஒரு ரிங் என்றால் காய்ச்சல் இல்லை

1

நோன்பு மாதம் வந்துவிட்டது. சவுதியில், தம்மாமில் எங்கள் ஆபீஸ் மூன்று மணிக்கே மூடிவிடுகிறது. நோன்பு வைக்காத என்னைப் போன்றவர்கள் பகலில் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, திருட்டு நகையைப் பங்கு பிரிக்கிறவர்களைப் போல டீ குடிக்கிறோம். மீதி நேரம் சும்மா இருக்கிறோம். சும்மா இருந்தால் எனக்கு 2009-இன் நோன்பு மாதம் ஞாபகம் வரும். மூன்று வருஷமாக அதை எழுதாமல் தள்ளிப்போட்டேன். போன வெள்ளிக்கிழமை என் மகன் அருள் போனில் அனுமதி கொடுத்துவிட்டான்.

“எழுதிக்கோங்க. ஆனா ஓவரா பில்டப் குடுக்காதீங்க. முக்கியமா, நீங்க தைரியமா இருந்த மாதிரி எழுதாதீங்க.”

“நான் தைரியமாத்தான்டா இருந்தேன்.”

“ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டுல நின்னு அழுதீங்க. ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

சரி. நடந்தபடியே எழுதுகிறேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. மனைவி செல்வி, ஒரே மகன் அருள். சவுதியில் என்ன வேலை என்று கல்யாண வீடுகளில் கேட்டால் ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்பேன். ஏசி ஸ்பேர் பார்ட்ஸ் குடோனில் எது எந்த அலமாரியில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. வருஷத்தில் ஒரு மாதம் நான் அப்பா. மீதி மாதங்களில் நான் ஒரு போன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயப்படுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. 2004-இல் கடல் பொங்கி வந்த அன்று எங்கள் வீட்டுப் பக்கம் தண்ணீர் எட்டிப்பார்க்கவில்லை. ஆனால் நான் தம்மாமிலிருந்து கடலூரில் தெரிந்த நம்பர் எல்லாவற்றுக்கும் போட்டு, கடைசியில் எதிர்வீட்டு லேண்ட்லைனில் செல்வியைப் பிடித்தேன். “நம்ம வீட்டுக்குத் தண்ணி வரலைங்க. நீங்க போன் பண்ணிப் பண்ணி ஜனங்கதான் வந்து நிக்கிறாங்க” என்றாள். கரையோரத்தில் அன்று நடந்ததெல்லாம் தெரிந்தபோது, என் பயத்தை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. வெட்கம் போய்விட்டது. பயம் போகவில்லை.

2

2009 ஜூலையில் லீவில் வந்தேன். உலகம் முழுக்கப் பன்றிக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த நேரம். சென்னை விமான நிலையத்தில் முகமூடி போட்ட டாக்டர்கள் மேஜை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரையும் விசாரித்தார்கள். இருமல் உண்டா, தும்மல் உண்டா, காய்ச்சல் உண்டா. எனக்கு எதுவும் இல்லை. மேஜை பக்கத்தில் வந்ததும் தும்மல் வந்தது. பயத்தில் வருகிற தும்மல். அதை அடக்கினேன். மூக்கு வழியாகப் போகாதது கண் வழியாக வந்தது. டாக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “ரொம்ப நாள் கழிச்சு ஊருக்கு வர்றீங்களா சார்?” என்று கேட்டு விட்டுவிட்டார்.

அருள் அப்போது சிதம்பரத்தில் பல்கலைக்கழக ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். வந்த இரண்டாம் நாளே ஒரு பெட்டி பேரீச்சம்பழத்துடன் பஸ் ஏறிப் போனேன். அறைக்கு மூன்று பேர். அருள், பரங்கிப்பேட்டைப் பையன் இஸ்மாயில், மூன்றாவதாக எப்போதும் காதில் ஹெட்போன் மாட்டிய ஒருவன். வராந்தாப் பையன்கள் எல்லோரும் வரிசையில் வந்து பழம் வாங்கிக்கொண்டார்கள். நான் தேர்தலில் நிற்பவனைப் போல ஒவ்வொருவன் தோளிலும் தட்டிக்கொடுத்தேன். “மாஃபி முஷ்கில், நல்லா படிங்க” என்றேன். ஒன்றும் பிரச்சினையில்லை என்பதற்கு அரபியில் அப்படிச் சொல்வார்கள். இங்கே இருந்து இருந்து அது என் வாயில் ஒட்டிக்கொண்டது. அருள் தலையைக் குனிந்துகொண்டான். பிள்ளைகள் பெரியவர்களானால் அப்பாவின் மொழி அவர்களுக்குக் கூச்சமாகிவிடுகிறது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஆகஸ்டில் தம்மாமுக்குத் திரும்பினேன். அதே வாரம் அருளுக்குக் காய்ச்சல்.

ஹாஸ்டலில் கணக்குப் போட்டார்கள். சவுதி, அப்பா, பேரீச்சம்பழம், தோளில் தட்டு, காய்ச்சல். விடை சரியாக வந்தது. பன்றியைக் கண்ணால் பார்க்க முடியாத நாட்டிலிருந்து பன்றிக் காய்ச்சலை இறக்குமதி செய்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மீதியிருந்த பழத்தை பாலிதீன் பையில் சுற்றிக் குப்பையில் போட்டார்களாம். ஏற்கெனவே தின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடினார்களாம்.

அருளைத் தனி அறையில் வைத்தார்கள். தொண்டையில் சளி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். சில நாளில் ரிசல்ட் வந்தது. நெகட்டிவ். சாதாரணக் காய்ச்சல். அவனை அறைக்குத் திரும்ப அனுப்பினார்கள். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது. செல்வி கடலூரில் ஒரு தேங்காய் உடைத்தாள்.

3

எனக்கு முடியவில்லை. நெகட்டிவ் என்று வந்தவனுக்கு மறுபடி வராது என்று யாராவது எழுதிக் கொடுத்தார்களா? இணையத்தில் தேடினேன். தேடக் கூடாது. தேடினால் முதலில் வயிற்றுவலிக்குத் தேடியவனுக்கும் கடைசியில் சாவுதான் கிடைக்கும். ஊருக்குப் போகிறவரிடம் முகமூடி டப்பா கொடுத்து அனுப்பினேன். செல்வியை நிலவேம்புக் கஷாயம் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பச் சொன்னேன்.

“ஏங்க, அவனுக்குக் காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆச்சு. உங்களுக்குத்தான் இன்னும் விடல” என்றாள்.

அருளுக்குத் தினமும் போன் செய்தேன். சாப்பிட்டியா, காய்ச்சல் இருக்கா, கஷாயம் குடிச்சியா. எல்லாவற்றுக்கும் ‘உம்’ என்றான். ஒருநாள், “தினம் பேசறதுக்கு என்னப்பா இருக்கு?” என்றான். நியாயமான கேள்விதான். எனவே நான் ஒரு ஏற்பாடு செய்தேன். நம் ஜனங்களுக்கு மிஸ்டு கால் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஏறிவிட்டால் ஒன்று, இறங்கிவிட்டால் ஒன்று, பால் வாங்கி வா என்பதற்கு மூன்று. அந்த முறையை நான் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தேன். தினமும் சாயங்காலம் அருள் தன் செல்லிலிருந்து எனக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒரு ரிங் என்றால் காய்ச்சல் இல்லை. இரண்டு ரிங் என்றால் இருக்கிறது. நான் எடுக்கக் கூடாது. எடுத்தால் ஐஎஸ்டி சார்ஜில் அவன் பேலன்ஸ் காலியாகிவிடும்.

அருள் உடனே ஒப்புக்கொண்டான். அப்போது பெருமையாக இருந்தது. அப்பாவின் யோசனையைப் பையன் ஒரு தடவையாவது மதித்தானே.

அப்புறம் தினமும் சாயங்காலம் ஒரு ரிங் வந்தது. ஒருநாள் தவறவில்லை. அந்த ஒரு ரிங்கைக் கேட்டுவிட்டு நான் அன்றைய பயத்தை அன்றன்றே கணக்கு முடித்துப் படுத்தேன். செல்வியிடம் பெருமையடித்தேன். “பாத்தியா, எப்படி சிஸ்டம் போட்டிருக்கேன்.”

“ஆமா. அவன் எங்கிட்டகூடப் பேசறது இல்ல. உங்க சிஸ்டம் நல்லாருக்கு” என்றாள். அவள் அதைப் புகார் என்று சொன்னாளா, பாராட்டு என்று சொன்னாளா என்று நான் யோசிக்கவில்லை.

4

நோன்பு தொடங்கி ஒரு வாரம் இருக்கும். ஆபீஸ் முடிந்து அறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அருள் நம்பர். ஒரு ரிங். அது நிற்பதற்குள் கையை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஓரமாக வைக்கப் போனேன். ஈர விரல் பச்சைப் பொத்தானில் பட்டுவிட்டது.

“ஐயோ, எடுத்துட்டாரு” என்றது போன்.

என் மகன் குரல் இல்லை.

“யாருப்பா?”

“அங்கிள்… நான் இஸ்மாயில். அருள் ரூம்மேட்டு.”

“அருள் எங்க?”

“தூங்கறான் அங்கிள்.”

“சாயந்திரத்துலயா? காய்ச்சலா?”

“காய்ச்சல்லாம் இல்ல அங்கிள்” என்றான். அதோடு பேலன்ஸ் தீர்ந்து லைன் செத்தது.

நான் திருப்பிப் போட்டேன். இஸ்மாயில் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தான். மூச்சு வாங்கியது.

“தினமும் நீதான் மிஸ்டு கால் குடுக்கிறியா?”

“ஆமா அங்கிள். நோன்பு தொறந்ததும் குடுப்பேன். மறக்காம இருக்கும்ல.”

“அவன் ஏன் குடுக்கல?”

“அவன் ஒண்ணுமே பண்றது இல்ல அங்கிள். கிளாஸ்ல நாந்தான் அவனுக்கு பிராக்ஸி சொல்றேன். அந்த மாதிரிதான் இதுவும்னு நெனச்சேன்.”

வகுப்புக்கு வராத நண்பனின் ரோல் நம்பருக்கு வேறொரு குரலில் ‘யெஸ் சார்’ சொல்வதைத்தான் பிராக்ஸி என்பார்கள். கல்லூரியில் படித்த எல்லோருக்கும் தெரியும். என் மகன் உயிரோடு நன்றாக இருக்கிறான் என்பதற்கும் ஒருவன் பிராக்ஸி கொடுத்துக்கொண்டிருந்தான். நான் ஆஜர் போட்டுக்கொண்டிருந்தேன்.

“ஏம்ப்பா எங்ககிட்ட சொல்லல?”

“சத்தியம் வாங்கிட்டான் அங்கிள். உங்ககிட்ட சொன்னா நீங்க கடலூர் ஃபுல்லா போன் போட்டுருவீங்கன்னான்.”

அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

மெல்ல மெல்லச் சொன்னான். தனி அறையிலிருந்து அருள் திரும்பியபோது ஹெட்போன்காரன் தன் கட்டிலோடு வேறு அறைக்குப் போயிருந்தான். மெஸ்ஸில் அருள் உட்காரும் பெஞ்ச் காலியாகிவிடும். அவனுக்குப் பெயரே ‘பன்னி’ என்று ஆகிவிட்டது. முதலில் அவனும் சிரித்தான். அப்புறம் மெஸ்ஸுக்குப் போவதை நிறுத்தினான். அப்புறம் வகுப்பை. இன்டர்னல் டெஸ்ட் எதுவும் எழுதவில்லை. பகலெல்லாம் படுக்கிறான்.

“நேத்து அவன் கால்குலேட்டர எதிர் ரூம் பையனுக்குக் குடுத்துட்டான் அங்கிள். வச்சிக்கோ, எனக்கு வேணாம்னு. செமஸ்டர் வருது, எவனாச்சும் கால்குலேட்டர குடுப்பானா? இன்னிக்கு நீங்க வாங்கித் தந்த வாட்ச கழட்டி எங்கிட்ட குடுத்தான். நான் இல்லன்னா எல்லாரும் நிம்மதியா இருப்பீங்கடான்னு சொல்றான்.”

வெங்காயக் கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். அது ஒரு வசதி.

“இப்ப தனியாவா இருக்கான்?”

“இல்ல அங்கிள். கதவு தொறந்துதான் இருக்கு, நான் இங்க வாசல்லதான் நிக்கிறேன். ராத்திரி தராவீஹ் தொழுகைக்குக்கூட நான் பள்ளிவாசல் போறதில்ல, ரூம்லயே தொழுதுக்கறேன். நான் சத்தியத்த மீறிட்டேன் அங்கிள். அவன் எங்கூட பேசமாட்டான்.”

“பேசுவான்ப்பா” என்றேன். அதைச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் கிடையாது.

5

ஊரில் அவசரத்துக்கு எனக்கு இருப்பது செல்வியின் தம்பி குமார். குறிஞ்சிப்பாடியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான்.

“மச்சான், உடனே சிதம்பரம் போகணும்.”

“என்னா மாமா, காய்ச்சலா?”

“காய்ச்சல் இல்ல.”

“அப்புறம் என்னா?”

எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. காய்ச்சலுக்கு எத்தனை வார்த்தை வைத்திருந்தேன். குளிர் காய்ச்சல், விஷக் காய்ச்சல், பன்றிக் காய்ச்சல். இதற்கு ஒன்றுகூட இல்லை.

“மனசு சரியில்லையாம்.”

“லவ்வா மாமா?”

“இல்லடா.”

“அரியரா?”

“குமாரு, அவன் சாகணும்னு பேசறானாம்.”

அந்தப் பக்கம் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. “பைக் எடுத்துட்டேன் மாமா. நீங்க போன வைங்க” என்றான். புவனகிரி வழியாகப் போனவன், கல்யாணத்துக்குப் போகும்போதுகூட அவ்வளவு சீக்கிரம் போனதில்லை.

ஹாஸ்டல் வாசலில் ஒரு சிக்கல். காய்ச்சல் காலம் என்பதால் வெளியாட்களை உள்ளே விடுவதில்லை, உள்ளே இருப்பவர்களை வெளியே விடுவதில்லை. காய்ச்சல் வந்தவனை மட்டும் ஐந்து நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். வார்டன் நல்ல மனுஷர். மனசு சரியில்லை என்று குமார் சொன்னதும் யோசித்தார். ரிஜிஸ்டரில் அதற்குக் கட்டம் இல்லை. ‘காரணம்’ என்ற இடத்தில் எதை எழுதுவது என்று இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். கடைசியில் குமார் ‘காய்ச்சல்’ என்று எழுதினான். வார்டன் முகமூடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அருள் கீழே வந்து அதைப் பார்த்திருக்கிறான். “மறுபடியும் பன்னிக் காய்ச்சலா மாமா?” என்று கேட்டானாம்.

“மாமா, சிரிச்சான் மாமா. லேசா. ஆனா சிரிச்சான்” என்று குமார் எனக்குப் போனில் சொன்னான். பைக்கில் நடுவில் அருளையும் பின்னால் இஸ்மாயிலையும் உட்காரவைத்து பஸ் ஸ்டாண்டு வந்து, பைக்கை அங்கேயே விட்டுவிட்டு, மூவரும் கடலூர் பஸ் ஏறினார்கள். இஸ்மாயில் ஏன் வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. அருள் அவனோடு பேசவும் இல்லை. ஆனால் ஜன்னலோர சீட்டை அவனுக்கு விட்டுக் கொடுத்தானாம்.

இந்தப் பக்கம் என் கதை. சவுதியை விட்டு வெளியே போக நினைத்தவுடன் போக முடியாது. கம்பெனி சம்மதித்து, போய்த் திரும்பும் விசா அடிக்க வேண்டும். நோன்பு மாதத்தில் அந்த வேலை ஒட்டகத்தின் வேகத்தில் நடக்கும். லீவு கொடுக்கிற எங்கள் பர்சனல் ஆபீசர் எகிப்துக்காரர். எமர்ஜென்சி லீவு என்றதும் பேனாவைத் திறந்தார்.

“யார் இறந்தது? அப்பாவா, அம்மாவா?”

“யாரும் இறக்கவில்லை.”

பேனாவை மூடினார். “அப்படியென்றால் எமர்ஜென்சி இல்லை.”

“இறந்த பிறகு நான் போய் என்ன செய்வது?” என்று என்னுடைய உடைந்த அரபியில் கேட்டேன். மகன், பத்தொன்பது வயது, தனக்கு உயிர் வேண்டாம் என்கிறான் என்பதை அரபியில் சொல்லத் தெரியவில்லை. மகன், சாப்பாடு இல்லை, தூக்கம் மட்டும், தலை சரியில்லை என்று சொல்லி என் தலையைத் தட்டிக் காட்டினேன். அவர் என் தலைதான் சரியில்லை என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். பேனாவை மறுபடி திறந்தார். விசா அடிக்கிற ஆளுக்கு அவரே போன் போட்டு, தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பித் திட்டினார்.

6

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அருள் ஹாலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். நான் வழியெல்லாம் பேச வேண்டியதைத் தயார் செய்துகொண்டு வந்தேன். “வாங்கப்பா” என்றான். நான் கடவுச்சீட்டை அவனிடம் நீட்டினேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. பழக்க தோஷம். வாங்கிப் பார்த்துவிட்டு, “போட்டோல நல்லாருக்கீங்க” என்று திருப்பிக் கொடுத்தான்.

அதற்குள் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்லிவிட்டிருந்தார்கள். யோகா. பாதாம். செய்வினை எடுப்பது. எல்லாம் திமிர் என்று ஒரு பெரியப்பா. செல்வி எதையும் காதில் வாங்கவில்லை. அவனை வடலூருக்கு அழைத்துப் போய், சத்திய ஞான சபையில் சாமி கும்பிட்டுவிட்டு, அன்னதானப் பந்தியில் உட்காரவைத்துச் சாப்பிடவைத்தாள். “அங்க நல்லா சாப்பிட்டான். பக்கத்துல உக்காந்தவன் நீ யாரு, எந்த வருஷம்னு கேக்கல பாருங்க” என்றாள். அதோடு நிற்காமல், “நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்” என்றாள். சாமியையும் டாக்டரையும் அவள் ஒருவருக்கொருவர் போட்டியாக நினைப்பதில்லை.

கடலூர் அரசு மருத்துவமனை. காய்ச்சல் பிரிவில் தெரு வரை வரிசை. எல்லோரும் முகமூடி. மனநல டாக்டர் அறை முன்னால் ஒரு பெஞ்ச், அதில் யாரும் இல்லை. நான் முகமூடி போட்டுக்கொண்டேன். கிருமிக்காக அல்ல. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று. அருளுக்கும் ஒன்று நீட்டினேன்.

“எனக்கு வேணாம்பா. ஒரு தடவ போட்டாச்சு” என்றான்.

முகமூடி என் முகத்தை மறைத்தது. வயிற்றை மறைக்கவில்லை. எங்கள் தெருக்கோடியில் மளிகைக் கடை வைத்திருப்பவர் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டார்.

“என்னா சார், எப்ப வந்தீங்க? காய்ச்சலா?”

“ஆமாமா” என்றேன்.

“இல்லைங்க அங்கிள்” என்றான் அருள். “எனக்கு மனசு சரியில்ல. டாக்டரப் பாக்க வந்தோம்.”

மளிகைக்காரர் இரண்டு அடி பின்னால் போனார். காய்ச்சல் என்றபோதுகூட அவர் நகரவில்லை. பூமி பிளக்காதா என்று நான் தரையைப் பார்த்தேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இந்தத் தடவை மிகவும் கிட்ட வந்தார்.

“எந்த டாக்டரு தம்பி? நல்லா பாக்குறாங்களா? எம் பொண்ணும் ரெண்டு மாசமா காலேஜ் போவாம படுத்தே கெடக்குது” என்றார்.

அருள் நகர்ந்து அவருக்குப் பெஞ்சில் இடம் கொடுத்தான்.

டாக்டர் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். பெயர், ஊர், படிப்பு, தூக்கம் எல்லாம் கேட்டார். அப்புறம் மழை வருமா என்று கேட்பது போல, “அருள், நேராவே கேக்கறேன். செத்துப் போயிடலாம்னு தோணுதா?” என்றார்.

“மேடம், அதெல்லாம் மாஃபி முஷ்கில்” என்று நான் எழுந்துவிட்டேன். நாமே அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தால் பையன் பிடித்துக்கொள்ள மாட்டானா?

“உக்காருங்க. நாம கேக்கறதால புதுசா தோணாது. இருக்கிறது வெளிய வரும். அவ்வளவுதான்.”

நான் உட்கார்ந்தேன். அருள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தோணுச்சு மேடம். இப்பவும் அப்பப்ப தோணுது.”

“எப்பலேர்ந்து?”

“ரிசல்ட் வந்ததுலேர்ந்து.”

“என்ன ரிசல்ட்?”

“பன்னிக் காய்ச்சல் இல்லன்னு வந்துச்சே, அது. காய்ச்சல் இருந்தப்ப யாரும் கிட்ட வரல. சரி, பயம், அதுக்கு ஒரு காரணம் இருக்குல்ல. நெகட்டிவ்னு வந்தப்புறமும் யாரும் வரல மேடம். அப்ப எங்கிட்டதான் ஏதோ இருக்குன்னு தோணிடுச்சு.”

அந்த ரிசல்ட்டுக்குத்தான் நாங்கள் தேங்காய் உடைத்திருந்தோம்.

டாக்டர் அவனைத் தனியாக வைத்து ரொம்ப நேரம் பேசினார். அப்போதுதான் நான் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனது. அங்கே ஒரு சைக்கிளின் பூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சைக்கிளுக்குச் சொந்தக்காரர் வந்து, “சாவி தொலஞ்சிடுச்சா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “இது என் சைக்கிளு” என்றார்.

திரும்பிப் போனபோது டாக்டர் செல்வியோடு சேர்த்து எங்கள் மூவரையும் உட்காரவைத்தார். மாத்திரை இருக்கிறது, நினைத்தபோது நிறுத்தக் கூடாது. வாரம் ஒருதடவை வந்து பேச வேண்டும். கொஞ்ச நாள் தனியாக இருக்க விடாதீர்கள். அந்த நினைப்பு அதிகமானால் யாரிடம் முதலில் சொல்வது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அருள், “இஸ்மாயில்கிட்ட. அப்புறம் அம்மாகிட்ட” என்றான். என்னைப் பார்த்துவிட்டு, “அப்பாகிட்டயும் சொல்லலாம், ஆனா பதறுவாரு” என்றான்.

“பதறட்டும்” என்றார் டாக்டர். என் பக்கம் திரும்பி, “உங்களுக்கும் ஒரு சீட்டு போட்டு வரச் சொல்லட்டுமா? கண்ணெல்லாம் செவந்திருக்கே” என்றார்.

போட்டார்கள். அப்பனும் மகனுமாகச் சீட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம். செல்வி மட்டும் எந்தச் சீட்டும் இல்லாமல் ஆட்டோ பிடித்தாள்.

7

மாத்திரை போட்டதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு நாள் நன்றாக இருப்பான், மூன்றாம் நாள் போர்வைக்குள் போய்விடுவான். இஸ்மாயில் சனி ஞாயிறுகளில் பரங்கிப்பேட்டையிலிருந்து பிரியாணியோடு வருவான். முதல் தடவை அருள் அவனிடம், “ஏன்டா சொன்ன?” என்றான். “அவரு எடுத்துட்டாருடா, நான் என்னா பண்ணட்டும்?” என்றான் இஸ்மாயில். அதற்குமேல் அந்தப் பேச்சு வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கிண்டல் செய்வதில் சமாதானமானார்கள். அதற்கு என்னிடம் சரக்கு நிறைய இருந்தது.

என் விசா முடியும் நாள் நெருங்கியதும் நான் தம்மாமுக்குத் திரும்பி வந்தேன். தீபாவளிக்குப் பிறகு அருள் ஹாஸ்டலுக்குப் போனான். வார்டன் அவனையும் இஸ்மாயிலையும் மாடியில் வேறு வராந்தாவில் சேர்த்துப் போட்டிருந்தார். அங்கே முதல் நாளே ஒருவன் ‘பன்னி’ என்றிருக்கிறான். “நெகட்டிவ் பன்னிடா” என்று அருள் திருத்தினானாம். இதை இஸ்மாயில் எனக்குச் சொன்னபோது சிரிப்பதா, செல்விக்குப் போன் போடுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். சிரித்த சிரிப்பில் கூப்பிட்டது பக்கத்து வீட்டு நம்பர்.

பிப்ரவரியில் ஒருநாள் வேலை நேரத்தில் அருளே கூப்பிட்டான். நான் ஏணியில் நின்று மேல் அலமாரியில் கம்ப்ரசர் பெல்ட் எண்ணிக்கொண்டிருந்தேன்.

“ரிசல்ட் வந்துடுச்சுப்பா. மேத்ஸ் போச்சு.”

“சரி.”

“மார்க்கு கேக்க மாட்டீங்களா?”

“சொல்லு.”

“இருவத்தேழு.”

“இஸ்மாயிலு?”

“அவன் பாஸு. பிராக்ஸி குடுத்துக் குடுத்து எனக்கும் சேத்து அவனே கிளாஸ் கவனிச்சிட்டான்.” அடுத்து என்ன சொல்லப் போகிறானோ என்று நான் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். “பரவால்லப்பா. மே மாசம் எழுதிக்கிறேன். லீவுக்கு நீங்க ஜூன்ல வாங்க, மே மாசம் வராதீங்க, நான் படிக்கணும்.”

“சரிடா.”

“வைக்கிறேன், கிளாஸுக்கு நேரமாச்சு.”

ஏணியிலிருந்து இறங்கினேன். மே மாதம் வரை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மார்ச், ஏப்ரல், மே. எங்கள் குடோனுக்கு எதிரில் பாகிஸ்தான்காரர் கடையில் சூடாக ஜிலேபி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டி வாங்கி வந்து ஆபீஸில் ஒவ்வொரு மேஜையாகக் கொடுத்தேன். பக்கத்து சீட் மலையாளி ஒன்றை எடுத்துக் கடித்தபடி கேட்டான்.

“மோன் பாஸாயோ?”

“இல்ல. பெயிலு.”

மெல்லுவதை நிறுத்தி, எதற்கு இந்த ஜிலேபி என்று கேட்டான். “பின்ன எந்தினா இது?”

“மே மாசம் எழுதப் போறானாம்.”

அவன் இன்னொரு ஜிலேபி எடுத்துக்கொண்டான்.